ஓரம் வெட்டிய ரொட்டி

— ரத்தம் எடுக்கற அம்மா உன்னை மட்டும் தனியா கூப்பிட்டு என்னக்கா கேட்டாங்க?

— ஒண்ணுமில்லடா. நீ பெஞ்சுல உக்காரு, கால் வீங்கிக் கிடக்கு. வெறும் வயித்துல வந்தீங்களான்னு கேட்டாங்க.

— ஆமான்னு சொன்னியா?

— சொன்னேன். உடனே என் ரத்தம் பிடிச்ச கண்ணாடிக் குழாயைத் தூக்கிக் காட்டினாங்க. மிஷின்ல சுத்தவிட்டா மேல தெளிஞ்சு நிக்கணுமாம். என்னோடது பால் ஊத்தினாப்புல வெள்ளையா கலங்கிக் கிடக்குது.

— போன மாசம் தெளிவா இருந்துச்சே. டாக்டர்கூட உன்னைக் காட்டி மத்த பொம்பளைங்களுக்குப் பாடம் எடுத்தாரே.

— ஆமா. இருபது கிலோ கரைஞ்சதும் கல்லீரல்ல அடைஞ்சிருந்த கொழுப்பு இறங்கிடுச்சு, அது ரத்தத்துல கொட்டறதும் குறைஞ்சிடுச்சுன்னாரு. இன்னிக்குச் சோதனையும் சரியா வந்திருந்தா, என் கல்லீரல்ல ஒரு துண்டை எடுத்து உனக்கு வைக்க நாள் குறிச்சிருப்பாங்க.

— சரி விடுக்கா. உனக்குக் கொழுப்பு பொறந்ததுலேருந்தே ஜாஸ்தி. ஒரு வருஷத்துல இறங்கிடுமா?

— சிரிக்காதே. கண்ணெல்லாம் மஞ்சளா வச்சுக்கிட்டு நீ சிரிச்சா என்னால பாக்க முடியல.

— சிரிக்கல. சொல்லு.

— சாப்பிட்டுட்டேன்டா.

— எப்போ?

— கிளம்பறதுக்கு முன்னாடி. மேசையில ரொட்டி இருந்துச்சு. வெண்ணெயை வழிய வழிய அப்பி, ஓரத்தையெல்லாம் வெட்டி. நம்ம அம்மா தன் பல்லுக்குப் பயந்து வெட்டி வச்சிருப்பாங்க போல. பக்கத்துல ஏடு கட்டின பால் ஒரு டம்ளர். எதையும் மிச்சம் வைக்கல.

— வருஷம் பூரா வெள்ளரிக்காயைக் கடிச்சவ. பசிச்சிருக்கும், விடு.

— பசின்னு சொல்லிட்டா பாவம் போயிடுமா? பசியில்லடா. இதைத் தின்னா சோதனை கெடும், நாள் தள்ளிப்போகும்னு தெரிஞ்சேதான் தின்னேன். கத்தின்னாலே எனக்குப் பயம். என் சின்னப் பொண்ணுக்கு இன்னும் தானா சடை பின்னத் தெரியாது. எனக்கு ஒண்ணு ஆயிட்டா?

— அதைத்தானே நானும் சொல்லிக்கிட்டே இருக்கேன். அவ சடையைப் பாக்கறப்பல்லாம் எனக்குச் சோறு இறங்கல. உன்னை வெட்டி நான் பொழைக்கணுமா?

— நீ பேசாதே. ரொட்டித் துண்டுக்குத் தம்பி உசிரை வித்தவ நான். வர்ற வழியெல்லாம், கடவுளே என்னைப் பொய் சொல்ல வச்சிடாதேன்னு வேண்டிக்கிட்டே வந்தேன். அந்த அம்மா கேட்டதும் வாயில வந்த முதல் வார்த்தையே பொய்.

— திட்டினாங்களா?

— திட்டியிருந்தா தேவலையே. கையைப் பிடிச்சுக்கிட்டு, பயமா இருக்காம்மான்னு கேட்டாங்க. எனக்கு அழுகை வந்துடுச்சு. எல்லாத்தையும் சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில வெறும் வயித்துல வாங்க, புதுசா எடுத்துக்கலாம்னாங்க.

— நீ என்ன சொன்னே?

— வரேன்னேன்.

— பயம் போயிடுச்சா?

— அது எங்க போகும்? அதையும் கூட்டிக்கிட்டுத்தான் வரணும்.

— அக்கா...

— எந்திரி, மெதுவா. வீட்டுக்குப் போனதும் அம்மாகிட்ட சொல்லிடணும், நாளைக்கு ஒரு நாள் மேசையில எதையும் வைக்காதீங்கன்னு.

— அம்மாகிட்ட எதுவும் சொல்லாதக்கா. அவங்க அப்போ எந்திரிக்கவே இல்ல. உனக்கு ஓரம் பிடிக்காதுன்னு வெட்டி வச்சது நான்.