பலாத்தோப்பில் திருவிழா

சிதம்பரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். ஒருவர் பண்ருட்டிப் பக்கத்து விவசாயி. மற்றவர் அவருடைய மச்சான்.

“எங்க தோப்பு காலியானதாலதான் மச்சான், இந்த வருஷம் பலாத் திருவிழா பெருசா நடக்கப்போவுது.”

“என்னா மாமா சொல்றீங்க?”

“முன்ன பள்ளிக்கூடத்துல ஒரு பந்தல் போட்டு நடத்துனாங்க. இப்ப கூட்டம் ஜாஸ்தி, எடம் பத்தல. புயல்ல நம்ம மரம் பூரா சாஞ்சிடுச்சில்ல, அந்த எடம் தோதா இருக்குன்னு கேட்டாங்க.”

“பழத்துக்கு?”

“கேரளாவுலேர்ந்து லாரியில வருதாம்.”

மச்சான், “அக்கா என்னா சொல்லிச்சி?” என்று கேட்டார்.

“நான் முடியாதுன்னுதான் சொல்ல இருந்தேன். அவதான் நடத்திக்கட்டும்னா. புயலுக்கப்புறம் அந்தப் பக்கமே போவாதவ, நேத்து என்னோட வந்தா. எந்த மரம் எங்க நின்னுச்சின்னு நடந்து நடந்து காட்டினா. ஒரு மரம் நின்ன எடத்துல மேடைக்குக் குழி தோண்டிக்கிட்டிருந்தாங்க. ‘இங்க வேணாம், கொஞ்சம் தள்ளிப் போடுங்க’ன்னு கேட்டா.”

“தள்ளிப் போட்டாங்களா?”

“‘இங்க என்னாம்மா இருக்குது, வெறும் மண்ணுதானே’ன்னாங்க. வூட்டுக்கு வந்துட்டோம்.”