குதிரையின் கடைசிப் பூச்சு

சார், பெயின்ட் வேலையில் முக்கால் பங்கு தேய்ப்புதான். நிறம் கடைசியில்தான் வரும். தக்கலையில் ஒரு கார் பட்டறையில் இருந்தபோது இதைக் கற்றுக்கொண்டேன். கண்ணை ஏமாற்றிவிடலாம், விரலை ஏமாற்ற முடியாது. அதனால் ஒட்டுப்போட்ட இடம் விரலுக்குத் தட்டுப்படாதவரை தேய்க்க வேண்டும்.

குதிரை என் அண்ணன் ஏசுஅடிமையுடையது. துபாயில் அவன் கார் ஓட்டிய வீட்டு மதாம்மா கொடுத்தது. ஒரு முழ நீளம், ரெசினில் வார்த்தது, செம்பழுப்பு நிறம். வயிற்றுக்கு அடியில் செய்தவரின் கையெழுத்து இருக்கும். இப்படிப்பட்ட குதிரைகளைத் தேடித்தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்களாம். வாதம் வந்து, வலப்பக்கமும் பேச்சும் போய், அண்ணன் கடியப்பட்டணத்துக்குத் திரும்பியபோது மடியில் வைத்துக்கொண்டு வந்தது அதை மட்டும்தான்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அண்ணனைக் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் நான்தான். அவனுக்கு இழுப்பும் உண்டு. எது வேண்டுமானாலும் இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டுவான். தண்ணீர் என்றால் மெல்லத் தட்டுவான். மூச்சு முட்டினால் வேகமாக, விடாமல் தட்டுவான். உடனே ஜன்னலைத் திறந்து, வாயில் மருந்தை அடித்துவிட வேண்டும். இந்த முறையை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

குதிரை எப்படி உடைந்தது என்று கேட்டீர்கள். விழுந்து உடைந்தது என்றேன். விழுந்தது உண்மைதான். அதற்கு முன்னால் நான் எறிந்தேன். அன்று விடிந்ததிலிருந்து தட்டிக்கொண்டே இருந்தான். குதிரை அவன் தோளில் பட்டுத் தரையில் விழுந்தது. முன்னங்கால் முறிந்தது, ஒரு காதும் போயிற்று. தோளில் கன்றியது தானாக மாறிவிடும், சார். உடம்புக்கு அந்தக் குணம் உண்டு. குதிரைக்கு நாம்தான் செய்ய வேண்டும்.

அருமனையில் கட்டிக்கொடுத்திருக்கும் அக்கா செசிலி அந்த வாரம் போனில் கூப்பிட்டாள்.

"ஏலே செல்வா, ஞாயித்துக்கிழம வாறேன். போன தடவ அண்ணனுக்க கையில கீறல் கண்டேன். இந்தத் தடவயும் எதாவது கண்டா அவன இஞ்ச கூட்டிட்டு வந்துருவேன். நீ பாத்தது போதும் மக்கா."

அண்ணனைக் கொண்டுபோனால் எனக்கு யார் இருக்கிறார்கள்? தோளைச் சட்டை மறைத்துவிடும். ஆனால் செசிலி வீட்டுக்குள் வந்ததும் முதலில் கையில் எடுப்பது குதிரையைத்தான்.

முறிந்த காலை வெறும் பசையால் ஒட்டினால் நிற்காது. உள்ளே எலும்பு வைக்க வேண்டும். பெரிய தூண்டில் முள் ஒன்றைத் தீயில் காட்டி நிமிர்த்தினேன். காலின் இரு துண்டுகளிலும் துளை போட்டு அதைச் செருகி ஒட்டினேன். காதை, பள்ளம் நிரப்பும் பட்டி மாவை வைத்துச் செய்தேன். காய்ந்த பிறகு வாட்டர் பேப்பரால் தேய்த்து பிரைமர் அடித்தேன். இதெல்லாம் அடுக்களையில் நடந்தது.

நிறம் அடிப்பதை அங்கே செய்ய முடியாது. ஆடி மாதம், கடற்காற்று ஈரத்தோடு வீசும் காலம். பெயின்டில் கலந்த தின்னர் ஆவியாகிப் போகும்போது பூச்சின் மேல் குளிர்ச்சி தட்டும். ஈரக்காற்று அதில் பட்டால் வெள்ளையாகப் படர்ந்துவிடும். பூத்துப்போச்சு என்போம். வீட்டில் காற்றுப் புகாத அறை அண்ணனுடையது ஒன்றுதான். அவனுக்காக நானே இடுக்கெல்லாம் அடைத்துக் கொடுத்த அறை. ஜன்னலைச் சாத்தி, ஓரங்களில் டேப் ஒட்டினேன். குதிரையை அவன் தலைமாட்டில் ஸ்டூலில் வைத்து, சூட்டுக்கு ஒரு பெரிய பல்பைப் போட்டேன்.

முதல் பூச்சின்போது அண்ணன் தட்டினான். மருந்து அடித்துவிட்டேன். ஜன்னலைத் திறக்கவில்லை.

பக்கத்து வீட்டு ராஜபாய் அக்கா மீன்குழம்போடு வந்தவள் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்னலே நாத்தம் இது! சாவாத சீவனையும் கொன்னுரும் போல. அந்த ஜன்னலத் தொறந்து போடப்பிடாதா?"

"தொறந்தா பூத்துரும் அக்கா."

"குமரியப் பூட்டி வச்ச மாதிரில்லா குதிரையப் பூட்டி வச்சிருக்க. உள்ள ஒரு மனுசன் கெடக்கானே, அவனுக்கு மூக்கு இல்லியா?"

அவளுக்கும் இதேபோல் விளக்கிச் சொன்னேன். குழம்பை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சனிக்கிழமை கடைசிப் பூச்சு. நிறமில்லாத வார்னிஷ். மினுமினுப்பைக் கொடுப்பது அதுதான், தூசியைக் காட்டிக்கொடுப்பதும் அதுதான். அடித்து முடித்த நேரத்தில் அண்ணன் தட்ட ஆரம்பித்தான். வேகமாக, விடாமல். என்ன கேட்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. அதை மறைக்கவில்லை, இன்ஸ்பெக்டர் சார். ஆனால் கட்டில் அதிர்ந்து ஸ்டூலிலும் சுவரிலும் இடித்தது. மேலே பரணிலிருந்து தூசி உதிர்ந்தது. ஈரமான வார்னிஷில் ஒரு துகள் விழுந்தாலும் எல்லாவற்றையும் தேய்த்துவிட்டுத் திரும்பவும் தொடங்க வேண்டும். மறுநாள் செசிலி வந்துவிடுவாள்.

அதனால் அவன் இடது கையைத் துண்டால் கம்பியோடு கட்டினேன். இறுக்கிக் கட்டவில்லை, தடம்கூட விழவில்லை. நீங்களே பார்த்தீர்கள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்தேன். இடையில் கதவைத் திறந்தால் காற்று புகுந்துவிடும். சத்தம் எதுவும் வரவில்லை. தட்ட முடியாதவன் எப்படிச் சத்தம் போடுவான் என்று நீங்கள் கேட்பீர்கள். தூங்கிவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

காய்ந்திருக்கும் என்று தோன்றியதும் உள்ளே போனேன். குதிரை பூக்கவில்லை, ஒரு துகளும் ஒட்டவில்லை. ஒட்டுப்போட்ட காலைத் தடவிப் பார்த்தேன், விரலுக்கு எதுவும் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் அண்ணனைப் பார்த்தேன். கண்கள் திறந்திருந்தன, இமைக்கவில்லை. முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது.

ஜன்னல் கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது, சார். பல்பு வெளிச்சத்தில் குதிரை அதில் நன்றாகத் தெரியும். அண்ணன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பான்.