சிப் கம்பெனியும் பால்பாயசமும்

"என் பொண்ணு ஜெயிச்சா எனக்கு நஷ்டமாக்கும், மாமி."

பத்மநாபசுவாமி கோயிலில் வழிபாட்டுச் சீட்டு வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள் இப்படிச் சொன்னதும் என் காது தானாக அங்கே போய்விட்டது. இருவரும் கோயிலுக்கு அருகிலுள்ள ஸ்ரீவராகம் பகுதிக்காரர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"என்னடி உளர்றே?" என்றாள் மாமி.

"நான் சேர்த்து வச்சதெல்லாம் ஒரு சிப் கம்பெனி ஷேர்லே கிடக்கு. மைதிலி பண்றதோ குவாண்டம் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி. அது வந்துட்டா இந்தச் சிப்பையெல்லாம் யார் வாங்குவான்னு டிவியிலே ஒருத்தர் பயமுறுத்தறார்."

"அப்போ வித்துடேன்."

"அவகிட்டயே கேட்டேன். 'விக்காதேம்மா, எங்க மெஷினை ஓட்டறதுக்கே பக்கத்துலே அந்தச் சிப்தான் வேணும், இப்போதைக்குக் கவலையில்லே'ன்னா."

"அதுக்கப்புறம்?"

"அது அவளுக்கும் தெரியாதாம், கேட்டேளா."

"அதான் ஷேர் ஏறணும்னு பால்பாயசம் நேர்ந்துண்டியாக்கும்."

அதற்குள் அவள் முறை வந்துவிட்டது. கவுண்டரில் பெயரும் நட்சத்திரமும் கேட்டார்கள்.

"மைதிலி, ரோகிணி" என்று சொல்லிவிட்டு மாமியிடம் திரும்பினாள்.

"கம்பெனிக்கு ஏது மாமி நட்சத்திரம்?"