டார்சியின் கல்யாணமும் நம்ம காலேஜ் டிஃபென்ஸும்

வெர்லின்: அக்டோபர் பத்தொம்போதா? உனக்குப் புத்தி கித்தி கலங்கிடுச்சா? அன்னிக்கு நம்ம காலேஜ் ஃபுட்பால் மேட்ச்!

டார்சி: எல்லாச் சனிக்கிழமையும் மேட்ச்தான்ப்பா. செப்டம்பர்லேர்ந்து நவம்பர் வரைக்கும் அலபாமாவுல எவனுமே கல்யாணம் பண்ணிக்கக் கூடாதா?

வெர்லின்: மனுஷனாப் பொறந்தவன் பண்ணிக்க மாட்டான். பாஸ்டரே வரமாட்டாரு.

டார்சி: வருவாரு. கேட்டுட்டேன். அதுக்குள்ள நம்ம காலேஜ் அஞ்சு மேட்ச் தோத்திருக்கும், நானும் சும்மாத்தான் இருப்பேன்னாரு.

வெர்லின்: ஒரு பாஸ்டர் பேசுற பேச்சா இது! விசுவாசமே இல்லாத மனுஷன்...

டார்சி: போன வருஷம் ஒரே மேட்ச்சுல அறுபத்திமூணு பாயிண்ட் விட்டோம். அந்த டீம்காரன் பந்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நம்ம கோட்டைத் தாண்டி நடந்தே போனான்ப்பா. ஓடக்கூட இல்ல.

வெர்லின்: அது... அன்னிக்கு வெயிலு.

டார்சி: அவனுக்கும் அதே வெயில்தானே?

வெர்லின்: இந்த வருஷம் நம்ம டிஃபென்ஸ்ல, தடுக்குற முன்வரிசையைப் பாரு. முந்நூறு பவுண்டு எடைக்குக் கொறஞ்சவன் ஒருத்தன் இல்ல. சுவரு!

டார்சி: சுவருதான். பக்கத்துல எவன் போனாலும் பாத்துக்கிட்டே நிக்கும்.

வெர்லின்: அவங்களுக்குப் பின்னாடி தடுக்க ரெண்டு பேரு...

டார்சி: ஒருத்தன் வேற காலேஜுக்குத் தாவிட்டான். இன்னொருத்தன் கண்காட்சியில காளை மேல ஏறி, காலை ஒடிச்சுக்கிட்டான்.

வெர்லின்: எந்தக் கால்?

டார்சி: அப்பா!

வெர்லின்: சரி, எல்லாரும் ஒழியட்டும். நடுவுல பூன் டாக்கெட் நிக்கிறான்ல? அந்த ஒத்தை ஆளு போதும். இந்த மாநிலத்துல அவனைத் தாண்டிப் போனவன் கிடையாது.

டார்சி: அவரை... ரொம்ப நம்பாதீங்கப்பா.

வெர்லின்: 'அவரை'யா? இருபத்தோரு வயசுப் பயலுக்கு என்ன 'அவரு'?

டார்சி: சும்மா... வாய்ல வந்துடுச்சு. ஐஸ் டீ ஊத்தவா?

வெர்லின்: பேச்சை மாத்தாத. கல்யாணத்தை ஜனவரிக்குத் தள்ளு. இல்ல, அடுத்த வாரமே வை. கொல்லைப்பக்கம் நானே பந்தல் போடுறேன்.

டார்சி: மாப்பிள்ளை யாருன்னே நீங்க இன்னும் கேக்கல. கல்யாணம்னு சொல்லி மூணு மாசமாச்சு.

வெர்லின்: நீயே சொல்லுவேன்னு... இருந்தேன்.

டார்சி: சொன்னா விழுந்துடுவீங்க. உக்காருங்க.

வெர்லின்: உக்காந்துதான் இருக்கேன்.

டார்சி: பூன்தான்ப்பா.

வெர்லின்: ...ம்.

டார்சி: என்ன 'ம்'? இன்னும் இருக்கு. அவரு டீமை விட்டுடப் போறாரு. 'நானா, அந்தப் பந்தா?'ன்னு கேட்டேன். நீதான்னுட்டாரு. கோச்கிட்ட சொல்லத்தான் இன்னிக்குப் போயிருக்காரு... என்னப்பா, கத்தலையா? தட்டைத் தூக்கி எறியலையா?

வெர்லின்: கோச் காலையிலேயே போன் பண்ணிட்டாரும்மா. பக்கத்துல பூன் விசும்பிக்கிட்டிருந்தான். அவனுக்கு ஆடணுமாம். முந்நூறு பவுண்டு ஆளையெல்லாம் அலாக்காத் தூக்கிப் போடுறவன், போனை வாங்கி, 'டார்சியை என்னால தடுக்க முடியல சார், நீங்களாச்சும் முயற்சி பண்ணுங்க'ங்குறான்!