பதிலுக்குப் போன நாள்

— அது அப்படியில்ல ஸ்ரீகலா. ஓணத்துக்கு நான் ஒனக்க வீட்டுக்கு முந்திரிக்கொத்து கொண்டு வந்தேன். பதிலுக்கு நீ எங்க வீட்டுக்கு வந்தே. வந்தவங்க வீட்டுக்குத் திரும்பப் போணும், இல்லெங்கி உறவு நிக்காது. இது ஓடுறதே அப்படித்தான், கேட்டியா?

— ஆமா பகவதியக்கா. நேந்திரங்கா உப்பேரி வறுத்துக் கொண்டு வந்தேன்.

— உப்பு கூடுதல். அத போலீசுகாரன் கேக்க மாட்டான். வந்தவளுக்கு மருமக கையால சாயா. நம்ம குடும்பங்கள்ல அதாக்கும் முறை. நாளைக்கு நெய்யாற்றின்கரை ஸ்டேஷன்ல இருந்து அவங்க வந்து கேட்டா, நீ அதச் சொன்னா போதும். லேகா சாயா கொண்டு வந்தா, சிரிச்சா, ஒனக்க சேலைய நல்லாருக்குன்னா.

— சாயா கொண்டு வந்தது நீங்கல்லா அக்கா.

— அவளுக்குத் தலைவலி.

— அன்னைக்கும் அதத்தான் சொன்னீங்க. ஒருக்கா பாத்துட்டு வாறேன்னு எந்திரிச்சேன். ஒங்க மகன் ஈஸ்வர் அறை வாசல்ல நின்னான். உறங்குதா, எழுப்பண்டாம்னான். மறுநாள் விடிஞ்சா அந்தப் புள்ள கிணத்துல கிடக்கா.

— கால் வழுக்கிச்சு. பக்கத்து வீட்டு சரசம்மா, அன்னைக்கு மத்தியானம் எங்க வீட்டுல அடியும் அழுகையும் கேட்டுதுன்னு சொல்லியிருக்கா. சாயங்காலம் லேகாவ நல்லபடியா பாத்தேன்னு நீ சொன்னியானா, மத்தியானம் கேட்டது தானா விழுந்துரும். ஒண்ணு நின்னா மத்தது நிக்காது. லேசான காரியமாக்கும்.

— லேகாவுக்கும் ஒரு அம்மை உண்டும் அக்கா. இன்னைக்கு காலம்பற எனக்க கையப் பிடிச்சிட்டு, எனக்க மகள பாத்தியான்னு கேட்டா. நான் முகம் குடுக்கல்ல.

— ஒனக்க மக அஞ்சுவுக்கு வேலை வேணும்னு நீ எனக்க முன்னால வந்து உக்காந்தே. எனக்க தம்பிக்க ஆஸ்பத்திரியில நான் வாங்கிக் குடுத்தேன். அன்னைக்கு ஒங்கிட்ட எதாவது கேட்டனா?

— இல்ல. அவ அந்த வேலைய விட்டுரட்டும். நான் லேகாவக் காணல்ல. காணல்லன்னுதான் சொல்லுவேன்.

— சரி மக்கா, ஒனக்க இஷ்டம். நான் வாறேன்... எதுக்கு வாசலையே பாக்கே?

— அஞ்சு இன்னும் வரல்ல. உதியன்குளங்கரையில பஸ் கிடைக்கல்ல போல.

— பஸ்ஸுக்கு நிக்கண்டாம்னு நான்தான் ஈஸ்வர கார் கொண்டு போகச் சொன்னேன். அவ ஏறியாச்சு.