தரவுகளில் முரண்பாடு

மழைக்காலத்தில் கண்டியில் வெண்கட்டி எழுதாது. காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் குடித்துவிட்டுக் கரும்பலகையில் வழுக்கிக்கொண்டு போகும். எங்கள் பல்கலைக்கழகப் பீடத்தில் மற்ற மண்டபங்களுக்கு வெள்ளைப் பலகை வந்துவிட்டது. தமிழ்மொழி மூலம் படிக்கும் முதலாம் ஆண்டுக்காரர்களுக்கு மட்டும் பழைய மண்டபமும் பழைய பலகையும்தான். குறை சொல்லவில்லை. எழுத்து விழாத பலகையில் எழுத்தைப் பற்றிக் கற்பிப்பவனுக்குப் பொறுமை தானாக வந்துவிடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நீங்கள் விசாரணை அதிகாரி. நான் சொல்வதைக் குறித்துக்கொள்ள வந்திருக்கிறீர்கள். ஆறுதலாகவே குறியுங்கள். எனக்கு அனுப்பிய அறிவித்தலை 'மேற்படி விடயம் தொடர்பாக' என்று தொடங்கியிருந்தீர்கள். மேலே ஒன்றும் இல்லை. அதுதான் முதல் வரி. குற்றமாகச் சொல்லவில்லை, பழக்கதோஷம்.

நான் நடத்துவது கல்விசார் வாசிப்பும் எழுத்தும் என்ற பாடம். உயர்தரப் பரீட்சையில் பக்கம் பக்கமாகக் கொட்டிவிட்டு வருகிற பிள்ளைகளிடம், இனிமேல் கொட்டக் கூடாது என்று சொல்லும் பாடம். கட்டுரையை 'ஆதிகாலம் தொட்டு மனிதன்' என்று தொடங்கக் கூடாது. 'நான்' என்று எழுதக் கூடாது. ஆதாரமில்லாமல் ஒரு வரியும் எழுதக் கூடாது. திருத்தாத எதையும் வெளியே அனுப்பக் கூடாது. இந்தக் கடைசி விதியை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். மற்றப் பிள்ளைகள் பரீட்சை முடியும்வரை அதை ஞாபகம் வைத்திருப்பார்கள். சிந்துஜா அதை நம்பினாள்.

அவளைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். மடுல்கெல்லைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பிள்ளை. ஒட்டிக்கட்டிய வரிசை அறைகளான அவர்களுடைய லயத்திலிருந்து கெம்பஸுக்கு வந்த முதல் ஆள். முன்வரிசையில் இருப்பாள். வாசிக்கக் கொடுத்த கட்டுரையை உண்மையாகவே வாசித்துவிட்டு வருகிற வினோதமான பழக்கம் அவளிடம் இருந்தது. ஒருநாள், "இவரு ஒரு பக்கத்துல சொன்னத ஒரு வரியில சொல்லியிருக்கலாமே சேர்" என்றாள். சொல்லியிருக்கலாம்தான். ஆனால் ஒரு வரியில் சொல்பவருக்குப் பேராசிரியர் பதவி கிடைக்காது என்பதை முதலாம் ஆண்டில் கற்பிக்க முடியாது.

என் பதவி உயர்வுக்காகத் துறைத்தலைவர் பொன்னுத்துரை ஒருநாள் பின்வரிசையில் வந்து அமர்ந்தார். வாய்மொழித் தகவலை எப்படி மேற்கோளாகக் காட்டுவது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். உதாரணம் கேட்டேன். சிந்துஜா எழுந்தாள்.

"எங்க சின்னம்மா ஹந்தானைத் தோட்டத்துல இருக்காங்க சேர். ஒங்கள அவங்களுக்கு நல்லாத் தெரியுமாம். ஒங்க அப்பா இராமையா மாமாவும் அவங்களும் ஒரே லயமாம். இத மேற்கோளாப் போடலாமா சேர்?"

வகுப்பு சிரித்தது. கேலிச் சிரிப்பில்லை, தங்களில் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்ட சிரிப்பு. அவள் முகத்தில் பெருமை. நானோ, அப்பாவுக்கு டவுனில் துணிக்கடை இருந்தது என்று இந்தக் கட்டடத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். கடைக்கு ஒரு பெயர்கூட வைத்திருந்தேன்.

வகுப்பு முடிந்ததும் பொன்னுத்துரை என் தோளில் கை போட்டார். "அட, நீர் ஹந்தானையே? இவ்வளவு நாளும் டவுண் ஆள் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்." அன்பாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. அதுவரை மிஸ்டர் ஜெயராஜ் என்று கூப்பிட்டவர், அன்றிலிருந்து தம்பி என்றார். பதவி உயர்வு கிடைத்தது. தம்பிக்குக் கிடைத்தது.

அவள்மேல் கோபப்பட்டீர்களா என்று கேட்பீர்கள். கோபப்பட்டேன். வெட்கமாகவும் இருந்தது. என்ன செய்தோம் என்று அவளுக்குத் தெரியவே இல்லை என்பதில் இன்னும் எரிச்சல். ஆனால் அதற்கும் பிறகு நடந்தவற்றுக்கும் தொடர்பு இருப்பதாக நிறுவ உங்களிடம் ஆதாரம் எதுவும் இல்லை. குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் தங்கள் தோட்டக் கமிட்டித் தலைவர் கறுப்பையாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய தேயிலைப் பொட்டலம். துறை வாசலிலே நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார். தோட்டத்துக் குரல் அப்படித்தான், மலைக்கு மலை பேசிப் பழகியது.

"லயத்துக்குப் பின்னால மண்ணு வெடிச்சிருக்குங்க சேர். நாங்க எழுதுனா குப்பைக் கூடைக்குத்தான் போவுது. குடுத்துப் பாத்தாச்சு. நம்ம புள்ள கெம்பஸ் எழுத்துல எழுதி, நீங்க ஒரு பார்வ பாத்துச் சரின்னு சொன்னீங்கன்னா தூக்கிப் போட மாட்டாங்கல்ல. நீங்க நம்ம ஆளு. ஒங்களுக்குத் தெரியாததா?"

நம்ம ஆளு. வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தேயிலையை வாங்கிக்கொண்டேன்.

ஏன் அவர்கள் தாங்களாகவே இறங்கிப் போகவில்லை என்று கேட்பீர்கள். தோட்டத்தில் சொல்லாமல் வேலைக்கு வராமல் நின்றால் அன்றைக்குப் பேர் விழாது, பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. கீழே உள்ள பள்ளிக்கூடத்தைத் திறந்து ஆட்களைத் தங்கவைக்க வேண்டுமென்றால், அதிகாரிகள் வந்து மண்ணைப் பார்த்து எழுத்தில் சொல்ல வேண்டும். அதிகாரிகள் வர, யாராவது எழுத்தில் கேட்க வேண்டும். எல்லாம் எழுத்தில்தான் நின்றது. என் பாடத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் அதற்கு முன் யாரும் கொடுத்ததில்லை.

அவள் எழுதிக்கொண்டுவந்த கடிதம் இது: 'எங்கள் லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருக்கிறது. வெடிப்புக்குள் கை போகிறது. எங்கள் வீட்டுக் கதவைச் சாத்த முடியவில்லை. பெரிய மழைக்கு முன்னால் வந்து பாருங்கள். அதுவரை எங்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க விடுங்கள்.' விலாசமும் கையொப்பமும் நீங்கலாக இவ்வளவுதான். எடுத்த எடுப்பிலேயே புரிந்துவிடும் எழுத்தை அலுவலகங்கள் மதிப்பதில்லை என்று சொன்னேன். அது பொய்யில்லை. உங்கள் அலுவலகத்தையே பாருங்கள்.

சிவப்புப் பேனையை எடுத்தேன். யாருடைய கை என்று ஓரத்தில் கேட்டேன். குழந்தையின் கையா, வளர்ந்தவரின் கையா? கை ஓர் அளவா? அந்த வார இறுதியில் பஸ் ஏறிப்போய் அடிமட்டத்தால் அளந்துகொண்டு வந்தாள். சாத்த முடியாதது ஒரு கதவா, எல்லாக் கதவுமா, ஒரு கதவை வைத்துப் பொதுமைப்படுத்தலாமா என்று கேட்டேன். அடுத்த வாரம் போய் லயத்தில் எல்லாக் கதவையும் சாத்திப் பார்த்துவிட்டு வந்தாள். 'முந்தைய ஆய்வுகள் எங்கே' என்று எழுதினேன். நூலகத்தில் உட்கார்ந்து, ஈரச்சரிவுகளைப் பற்றி மூன்றாம் ஆண்டுக்காரர்களே தொடாத புத்தகங்களை வாசித்தாள். மேற்கோள் காட்டும் முறையில் நிறுத்தக்குறிகள்கூடச் சரியாக இருந்தன. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நல்ல மாணவி கிடைப்பது அபூர்வம்.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. ஒவ்வொரு வரைவிலும் வெடிப்பின் அளவு மாறிக்கொண்டே வந்தது. முதலில் கை. பிறகு அடிமட்டத்தில் ஓர் அளவு. அதற்கடுத்ததில் அதைவிடக் கூட. பிறகு தங்கை நிரோஷாவின் கோழி அதற்குள் விழுந்துவிட்டதாக ஒரு வரி. கோழியை வெட்டிவிட்டு, 'சம்பவக் கதைகள் ஆதாரமாகா' என்று எழுதினேன். அளவுகளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, 'தரவுகளில் முரண்பாடு' என்று எழுதினேன்.

அவள் அந்த வட்டத்தின்மேல் விரலை வைத்தாள். "முரண்பாடு இல்ல சேர். அது பெருசாகிட்டே போவுது" என்றாள். அப்படியானால் அதை அவதானமாக எழுதவேண்டும், முறையீடாக அல்ல என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

எனக்கு விளங்கவில்லை என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. கதவு சாத்த முடியாமல் போவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். நான் சிறுவனாக இருந்தபோது ஹந்தானையில் எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவின் கதவும் அப்படித்தான் நிலையில் இறுகிக்கொண்டது. அம்மா கத்தியால் கதவின் ஓரத்தைச் சீவிச் சீவிப் பார்த்தாள். சில நாட்களில் மண் சரிந்து பின்சுவரைக் காணோம். அன்று தேர் பார்க்கக் குடும்பமாக டவுனுக்கு வந்திருந்ததால் பிழைத்தோம். ஆகவே முதல் வரைவை வாசித்தபோதே எனக்குத் தெரியும். கறுப்பையா சொன்னது சரி, எனக்குத் தெரியாததா?

கடைசி வரைவு அருமையாக வந்தது. 'அவதானிக்கப்பட்ட நிலவெடிப்பானது குறித்த காலப்பகுதியில் விரிவடைந்திருக்கக்கூடும் எனக் கருத இடமுண்டு. இது தொடர்பில் மேலதிக ஆய்வு விரும்பத்தக்கது.' முதலாம் ஆண்டு மாணவி எழுதியது என்று சொன்னால் பொன்னுத்துரையே நம்பமாட்டார். அதை வாசிக்கிற யாருக்கும் எந்த அவசரமும் வராது. திருத்த ஒன்றும் மிஞ்சவில்லை. மழையும் தொடங்கியிருந்தது.

"இப்ப அனுப்பலாமா சேர்?" என்றாள். பிரதேச செயலகத்தில் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், தபாலில் போட்டால் சுணங்கும், நானே கையில் கொடுக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். அவள் இரண்டு கையாலும் தந்தாள். அப்படித் தெரிந்தவர் யாரும் எனக்கு இல்லை. மறுநாள் அந்த அலுவலகத்தைக் கடந்துதான் வாகனத்தில் போனேன். நிறுத்த இடம் இல்லை என்று சொல்லலாம். இருந்தது.

இரண்டு நாள் விடாத மழை. விடுதியிலிருந்து போன் எடுத்தாள்.

"கடிதத்தக் குடுத்திட்டீங்களா சேர்?"

"குடுத்தாச்சு."

"அம்மாவுக்குப் பயமா இருக்காம். எல்லாரும் கீழ கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு எறங்கிறலாமான்னு கறுப்பையா மாமா கேக்கச் சொன்னாரு. பேர் போனாப் போகுதுன்னு சொல்றாங்க."

அந்த இடத்தில் நான் ஆம் என்றிருக்கலாம். ஆம் என்பது சின்னச் சொல், அதற்கு மேற்கோள்கூடத் தேவையில்லை. "அதிகாரிகள் வந்து பார்க்கும்போது வீட்டில் ஆள் இருக்கவேண்டும். பூட்டிக் கிடந்தால் இங்கே யாரும் இல்லை என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்" என்றேன்.

"சரிங்க சேர். நீங்க சொன்னீங்கன்னு சொல்லிர்றேன்" என்றாள்.

சொல்லியிருக்கிறாள். அவர்கள் கேட்டிருக்கிறார்கள். கெம்பஸ் சேர் சொன்னது, அதுவும் நம்ம ஆளு. வெடித்த சுவர்களுக்குள் பாயைச் சுருட்டி வைத்து, வரப்போகிற அதிகாரிகளுக்காகக் கதிரை துடைத்து வைத்துக் காத்திருந்தார்களாம். பக்கத்து லயத்துக்காரர்கள் அப்படிச் சொன்னார்கள்.

வகுப்பில் கையடக்கத் தொலைபேசிகளை என் மேசையில் வைத்துவிட வேண்டும் என்பது விதி. மறுநாள் முடிவுரை எழுதுவது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுடைய தொலைபேசி மேசையில் விடாமல் அதிர்ந்தது. அவள் என்னைப் பார்த்தாள். முடிவுரையில் புதிதாக எதையும் சொல்லக் கூடாது என்பதைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் எடுக்கவிட்டேன். அவள் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே தரையில் உட்கார்ந்தாள்.

அம்மா, நிரோஷா, கறுப்பையா. லயத்தில் இருந்த மற்றவர்களும். ஓர் அறைகூட மிஞ்சவில்லை. செத்தவீட்டுக்குப் போனேன், வெள்ளைச் சேட்டு போட்டுக்கொண்டு. கடிதம் கொடுத்தும் அரசாங்கம் அசையவில்லை என்று கூட்டத்தில் பேசினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அதுவும் நல்ல பேச்சுதான். ஆனால் சிந்துஜா நேரே பிரதேச செயலகத்துக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். ஆதாரத்தைத் தேடிப் போ என்று நான்தான் கற்பித்தேன்.

அவளுடைய முறைப்பாட்டின் பிரதியை எனக்கும் அனுப்பியிருந்தீர்கள். 'நான் கடிதத்தை ஜெயராஜ் சேரிடம் கொடுத்தேன். கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அவர் கொடுக்கவில்லை. அம்மாவும் தங்கச்சியும் அதிகாரிகளுக்காக வீட்டில் காத்திருந்தார்கள்.' முதல் சொல்லே 'நான்'. மேற்கோள் இல்லை. ஒரு 'கூடும்' இல்லை, ஒரு 'கருத இடமுண்டு' இல்லை. ஒரு வருடம் முழுக்கக் கற்பித்ததில் ஒன்றுகூட அவளிடம் தங்கவில்லை. வேதனையாக இருந்தது.

ஆனாலும் அதில் பிழை இல்லை. நான் கொடுக்கவில்லை. மறக்கவுமில்லை, தொலைக்கவுமில்லை. அந்த லயம் போகும் என்று தெரிந்துகொண்டுதான் கடிதத்தை வைத்துக்கொண்டேன், தெரிந்துகொண்டுதான் அவர்களை உள்ளே இருக்கச் சொன்னேன். ஹந்தானையிலிருந்து இந்த நாற்காலிவரை நான் ஏறிவந்த வழியை, ஒரு வகுப்பு நடுவில் எழுந்து நின்று சிரித்துக்கொண்டே அவள் எல்லோருக்கும் காட்டிவிட்டாள். ஆதாரம் இல்லை என்று முன்பு சொன்னேனே, இப்போது இருக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள். கையொப்பம் வைக்கிறேன்.

கடிதம் உங்களுக்குப் பின்னால் உள்ள அலுமாரியில், இந்த வருடத் தாள்களோடு இருக்கிறது. மடிக்காமல் கொண்டுபோங்கள். அதில் எண்பத்தைந்து புள்ளி போட்டிருக்கிறேன். வகுப்பிலேயே அதுதான் கூடிய புள்ளி. அந்தப் பிள்ளைக்கு நான் கெடுதல் நினைத்திருந்தால், அவ்வளவு போட்டிருப்பேனா?