வீணையில் விழுந்த வேட்டிக் கரை

தார்நாகாவில் மெட்ரோ ஏறிய இரண்டு தோழிகளில் கேமராப் பை வைத்திருந்தவள் சொன்னாள்:

"எங்க வீட்டுக்காரர் வேட்டியை வச்சுத்தான் வீணைக்கு லைட்டிங் பண்ணேன்."

"வேட்டியா? கைக்கு, எதுக்குடி?"

"வெயில் நேரா விழுந்தா குடம் பளபளன்னு கண்ணைக் கூசுது. ஜன்னல்ல வேட்டியைக் கட்டினேன். மரத்தோட ரேகையெல்லாம் தெளிவா தெரிஞ்சுது."

தோழி போனில் படத்தைப் பெரிதாக்கினாள். "குடத்துல என்னடி பச்சைக் கோடு?"

"வேட்டிக் கரை. அதை அழிச்சாதான் கண்காட்சியில வைப்போம்னாங்க. நக்கோ, முடியாதுன்னுட்டேன்."

"அழிச்சுக் குடுத்திருக்கலாமே?"

"அழிச்சா அது எவ வீட்டு வீணையோ. இது எங்க வீட்டுது. நேத்து அவங்களே போன் பண்ணாங்க. கரையோடவே வாசல்ல மாட்டுறாங்களாம்."

சொல்லிவிட்டு, எதிர் இருக்கையில் இருந்த எனக்கும் தெரியும்படி போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.